அரிசிதானே என்று கொடுத்தேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவளுக்கு வேறு எப்படி இருக்கும்? ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், பசை ஒரு பொட்டு வழிந்திருந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதற்குப் பழகிப்போயிருந்தார். நான் எவ்வளவு கத்தினாலும் "சரிமே, சரிமே" என்று சிரிப்பார். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

அவருக்கு ஆம்பூர் டேனரி ஒன்றில், தோலுக்கு நிறம் ஏற்றுகிற சாய டிரம்மில் வேலை. கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டு ரத்தம் எடுத்தபோது கொழுப்பு ஜாஸ்தி என்று வந்தது. டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, பிரியாணியைக் குறைக்கச் சொன்னார். ஆம்பூரில் இருந்துகொண்டு யாரிடம் போய் என்ன பேச்சு! "மாத்திரைய தவறாம போட்டுக்கறேன், ஞாயித்துக்கிழமைய மட்டும் உட்டுடுமே" என்று என்னிடம் கெஞ்சினார். அவருடைய அப்பா ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். இவருக்கு அப்போது நாற்பத்தெட்டு. அந்தக் கணக்கை நான் எப்போதும் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனிக்குப் புது மெஷினை ஓட்டிக் காட்ட ஒரு சீனாக்காரர் வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். படிக்கட்டில் பையன் மாதிரி ஏறுவார். மதியம் சாப்பிட்டதும் ஒரு சிவப்பு கேப்சூலை விழுங்குவார். என்னால் சும்மா இருக்க முடியுமா? என்ன என்று ஜாடையில் கேட்டேன். அவர் தன் போனில் எதையோ பேச, போன் தமிழில் சொன்னது: "இது சிவப்பு அரிசி. ரத்தக் கொழுப்பு குறையும்." வீட்டுக்காரர் கதையை அதே போனுக்குச் சொன்னேன். அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பியபோது அந்தப் புண்ணியவான் இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டிலில் எல்லாம் சீன எழுத்து. அரிசிப் படம் ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமாமே?" என்றார் வீட்டுக்காரர்.

"சோத்துக்குப் போடற அரிசிக்கு டாக்டர் இன்னாத்துக்குய்யா? உங்கம்மா உனக்குச் சோறு ஊட்டனப்ப சீட்டு எழுதி வாங்கினாங்களா?"

சிரித்தார். "சரிமே" என்று விழுங்கினார். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று எனக்குத் தோன்றியது. பாட்டில் தீர்ந்ததும் போனிலேயே வேறொன்று வரவழைத்தேன். அதில் இங்கிலீஷில் பொடி எழுத்தாக ஏதேதோ இருந்தது. ஷூவில் ஒரு நூல் பிரிந்திருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற நான், அந்தப் பொடி எழுத்தை யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லவில்லை. சீக்கிரம் குறையட்டும் என்று காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கொடுத்தேன்.

ஒரு மாதம் போனதும் தொடை வலிக்கிறது என்றார். ஈரத்தில் நாள் முழுக்க நிற்கிறவருக்குக் கால் வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துவிட்டேன். கம்பெனியிலும் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அப்புறம் தோள். அப்புறம் பல் தேய்க்கக் கையைத் தூக்குவதற்கே சிரமப்பட்டார்.

ஒரு காலையில் பாத்ரூமிலிருந்து வந்து, "வாட்டில் தண்ணி மாரி போவுதுமே" என்றார். வாட்டில் என்பது தோல் பதப்படுத்தப் போடுகிற மரப்பட்டைத் தூள். அதைக் கரைத்தால் தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். வேறு வீட்டில் இதைக் கேட்டிருந்தால் அந்த நிமிஷமே ஆட்டோ பிடித்திருப்பார்கள். சாய டிரம்மில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் அப்படி இல்லை. அவர்களுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு. எந்தச் சாயம் ஓடுகிறதோ அது தோல் வழியாக உள்ளே போய் மூத்திரத்தில் இறங்கும் என்பார்கள். நகக்கண்ணில் இருக்கிற கறையைப் பார்க்கிறவர்களுக்கு அதை நம்பாமல் இருப்பது கஷ்டம். "எங்க டிரம்முல இந்த வாரம் பூரா பிரவுன்தான்" என்றார் அவர். "சாயம் இறங்குது, மோர் நெறைய குடி" என்று சொம்பை நீட்டினேன். மோரோடு கேப்சூலையும் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் கம்பெனி பஸ்ஸின் முதல் படியில் கால் வைத்தவர் அடுத்த காலைத் தூக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை என்றார்கள். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். மாத்திரை அட்டையைக் காட்டினேன்.

"வேற எதாவது? நாட்டு மருந்து, லேகியம்?"

"அந்தப் பழக்கமெல்லாம் எங்க வூட்ல கெடையாது சார்."

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. அரிசியை மருந்து என்று நினைத்தால்தானே சொல்வதற்கு? இரண்டு நாள் கழித்து ஒரு நர்ஸ், காலையில் அவர் வழக்கமாக என்ன சாப்பிடுவார் என்று கேட்டாள். "ரெண்டு இட்லி, டீ, அந்த அரிசி கேப்சூல்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

டாக்டர் கட்டிலுக்கே வந்தார். ஒடுகத்தூரிலிருந்து வந்திருந்த என் வீட்டுக்காரரின் அக்காவும் பக்கத்தில் நின்றிருந்தார். "அது சோத்து அரிசி இல்லம்மா, பூஞ்சை ஏத்துன அரிசி. அதுக்குள்ள இருக்கறதும் இவர் போட்டுக்கற கொழுப்பு மாத்திரை மாதிரியே ஒரு மருந்துதான். ரெண்டும் சேர்ந்து தசையைக் கரைச்சு, அது கிட்னியில போய் அடைச்சிருக்கு. முன்னாடியே சொல்லக்கூடாதா? யாரு குடுத்தது?"

என் நீளமான வாய் திறக்கவில்லை.

"நானாத்தான் சார் வாங்கி சாப்ட்டேன்" என்றார் கட்டிலில் இருந்தவர். "அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அது என்று அவர் சொன்னது என்னை. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "எவன்டா உனக்குச் சொன்னான் பாவி, இன்னாடா பண்ணி வெச்சிருக்கே!" என்று அழுதுகொண்டே வெளியே போனார்.

டாக்டரும் போன பிறகு நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா பொய் சொன்னே?"

"நாளைக்கு நீ இவங்க மூஞ்சிலதானே முழிக்கணும்மே" என்றார். அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், நாலு முறை. பிறகு சளி கட்டி, ஜுரம் வந்து, பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். வீட்டுக்கு வந்து பாட்டிலைத் தேடி எடுத்தேன். அதில் இன்னும் பதினோரு கேப்சூல் இருந்தது. சாக்கடையில் கொட்டிவிட்டுக் கத்திக் கத்தி அழுதேன்.

வருஷ திவசத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். இலை போட்டு, அவருக்குப் பிடித்த பிரியாணியை நானே செய்து படத்துக்கு முன்னால் வைத்தேன். கற்பூரம் காட்டும்போது அக்காவுக்குத் தாங்கவில்லை.

"சின்ன வயசுலேர்ந்தே இவன் ஒருத்தர் பேச்சையும் கேட்டதில்ல" என்று கூடியிருந்தவர்களிடம் சொல்லி அழுதார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் எவ்ளோ சொல்லியிருப்ப? உன் பேச்சயாவது கேட்டானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படத்திலும் அவர் "சரிமே" என்று சொல்லி முடித்த முகத்தோடுதான் இருந்தார்.

"இல்ல அண்ணி" என்றேன். "கேக்கல."