வெள்ளம் வந்தாச்சு

நேற்று மாலை உறுதியான செய்தி: குளத்தூரில் அண்ணன் வீட்டு முற்றத்தில், தண்ணீர் நிறைத்த நீல டிரம்மில் நிற்கும் மீன்பிடி வள்ளத்து மோட்டாரில் வெள்ளம் வந்துவிட்டது. சொன்னவர் மைனி, அண்ணனின் மனைவி எஸ்தர். ஆதாரம், அவர் அனுப்பிய வாய்ஸ் நோட். பின்னால் மோட்டார் உறுமுகிறது. அதற்கும் மேலே குரலை உயர்த்தி, "தம்பி, வெள்ளம் வந்தாச்சு" என்கிறார்.

செய்தி அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொற்களை அவர் வாயால் கேட்டதும் எனக்கு மண்ணெண்ணெய் வாசனை அடித்தது... பொழியூர் கடற்கரை. ஈர மணலில் மைனி உட்கார்ந்து அழுத காலை.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பாறசாலை நிருபர். அண்ணனுக்கு வயரிங் வேலை. மீன் கிடைக்கும் பருவத்தில் மட்டும், பொழியூர்க்காரரான கூட்டாளி கிளீட்டஸோடு சின்ன ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் போடப் போவார். மைனி விருதுநகரிலிருந்து கல்யாணமாகி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன.

கேரள எல்லையில் எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான், குளிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். ஆனால் புதுப்பெண் திகைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் அவரிடம் கவனமாக "தண்ணி" என்றே சொல்லிவந்தோம். ஊர்ப் பேச்சை அவரிடமிருந்து மறைத்துவிட்டோம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று மற்ற வள்ளங்கள் எல்லாம் கரையேறிவிட்டன. இவர்களுடையதைக் காணவில்லை. மைனியை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கிளீட்டஸின் மனைவி லூர்து முன்பே அங்கே நின்றிருந்தார். மைனியின் கையிலிருந்த பட்டன் போன் அடித்தது. அண்ணன்தான். ஸ்பீக்கரில் காற்றின் இரைச்சல்.

"மோட்டாரை நிறுத்திப் போட்டிருக்கோம். கொதிக்குது. வெள்ளம் வரல்ல."

லூர்துவின் முகம் வெளுத்தது. மைனியோ நெஞ்சில் கைவைத்து, "நல்ல வேளை, வெள்ளம் வரலையாம்" என்றார். எங்களைத் தேற்றுவதற்காகச் சிரிக்கவும் செய்தார்.

மோட்டாரைப் பற்றித் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு எப்படிச் சொல்வது... மோட்டாரின் கீழ்க்காலுக்குள் ரப்பரில் ஒரு சக்கரம் உண்டு. இம்பெல்லர் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அது சுழன்று கடல்நீரை உறிஞ்சி எஞ்சினுக்குள் ஏற்றும். சூட்டை வாங்கிக்கொண்ட நீர் பின்பக்கத்துச் சிறு துளை வழியாகக் கம்பிபோலப் பீய்ச்சும். அந்தக் கம்பி நின்றுவிட்டால் எஞ்சினை ஓட்டக் கூடாது. சுற்றிலும் கடல் இருக்க, நடுவில் ஓர் எந்திரம் தண்ணீர் இல்லாமல் வெந்துபோகும். இன்றுவரை எனக்கு அது வியப்புதான்.

காற்று வலுத்துக்கொண்டிருந்தது. நீரோட்டம் வள்ளத்தைத் தெற்கே இழுத்துக்கொண்டிருக்கும். இன்னொரு வள்ளத்தை இறக்கலாம் என்றால் கரையலை விடவில்லை. இரண்டு முறை தள்ளினார்கள், இரண்டு முறையும் திருப்பி எறிந்தது. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மைனியின் சிரிப்பு நின்றது. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியபின் போன் மறுபடி அடித்தது.

"வள்ளத்துல... வெள்ளம் வந்தாச்சு!"

அதோடு துண்டித்துப்போனது.

லூர்து சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தார். வள்ளம் தள்ள நின்றவர்கள் கைதட்டினார்கள். மைனி மட்டும் அப்படியே மணலில் சரிந்து உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் அழுதார்.

லூர்து குனிந்து அவர் தோளைப் பிடித்தார். "எதுக்கு மக்களே கரையுத? வெள்ளம் வந்தாச்சுல்லா?"

"வெள்ளம் வந்தா முங்கிருமேக்கா..."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எனக்குப் புரிந்தது. "மைனி, வெள்ளம்னா இங்க தண்ணியாக்கும். பம்பு நல்லாயிட்டு. அண்ணன் வாறான்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. வள்ளம் கண்ணில் படும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

நடந்ததைக் கரைக்கு வந்து அண்ணன் சொன்னார். இருவரும் மோட்டாரைக் கழற்றி வள்ளத்துக்குள் சாக்கின் மேல் கிடத்தியிருக்கிறார்கள். இம்பெல்லரில் இரண்டு இதழ்கள் அறுந்திருந்தன. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணல் தின்ற வேலை. அறுந்த துண்டுகள் குழாயில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றைத் தேடி எடுத்த பிறகே, கூடவே வைத்திருந்த புதியதை மாட்டியிருக்கிறார்கள். சக்கரத்தைத் தண்டோடு பூட்டுவது நகத்தளவு இரும்புத் துண்டு. ஆடுகிற வள்ளத்தில் அது கைநழுவினால் கடலுக்குத்தான். கிளீட்டஸ் அதை வாயில் அடக்கிக்கொண்டு, வேலை முடியும்வரை பேசாமல் இருந்திருக்கிறார்.

"அந்தத் துண்டை வாயில வச்சிட்டே வீட்டுக்கு வந்திருக்கலாம்" என்றார் லூர்து.

எல்லோரும் சிரித்தோம். மைனி சிரிக்கவில்லை. அலை சற்றுத் தணிந்து வள்ளம் வந்து சேர்ந்தபோதே அவர் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைத்தான் பார்த்தார். வழக்கமாகக் கரைக்கு வந்ததும் அதை அணைத்துவிடுவார்கள். ஆனால் அவர் முழங்கால் அளவு நீரில் இறங்கி வருவதைக் கண்டு அண்ணன் கொஞ்சம் ஓடவிட்டார். பென்சில் கனத்தில் நீர்க்கம்பி வளைந்து விழுந்துகொண்டிருந்தது. மைனி அதில் கையை நீட்டினார்.

"சுடுது" என்றார். "இதுவா வெள்ளம்?"

"இதாக்கும் வெள்ளம்" என்றார் அண்ணன்.

வெகுநேரம் கையை எடுக்கவில்லை அவர். காலைச் சுற்றிக் குளிர்ந்த கடல். விரல்களில் அதே கடல், எஞ்சினுக்குள் போய்ச் சூடாகி வந்தது. அந்த முகத்தை எழுத அன்றும் எனக்கு வரவில்லை.

இன்றைய மோட்டார்கள் சூடானால் தாமாகவே கூவுகின்றன. வள்ளம் எங்கே நிற்கிறது என்று போன் சொல்கிறது. உள்ளே சுழல்வது மட்டும் அதே ரப்பர் சக்கரம். அண்ணனுக்கு இப்போது தோள்வலி. நேற்று மைனியே கீழ்க்காலைக் கழற்றி, விழிஞ்ஞத்திலிருந்து வாங்கிவந்த புதியதை மாட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "வாயில துண்டு இருந்துச்சு தம்பி."

டிரம்மில் ஓடியாயிற்று. கடலில் ஓட்டிப் பார்ப்பதுதான் பாக்கி. காற்று எச்சரிக்கை வியாழன் வரை உண்டு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளீட்டஸ் வள்ளம் இறக்குகிறார், தோள்வலியோடு அண்ணனும் போகிறார். கரையலை தாண்டியதும் கூப்பிடுவதாகப் பேச்சு. போன் மைனியின் கையில் இருக்கும்.

பக்கத்தில் நானும் நிற்பேன்... அவர் முகத்தைப் பார்த்தால் போதும், வெள்ளம் வந்ததா என்று இந்த முறை எனக்கு விளங்கிவிடும்.