ஆறு பை சீமெந்து

போன கிழமை, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் பிள்ளை தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். கட்டட வரைபடத்தைக் கொடுத்தால் போதும், கல், மணல், கம்பி, சீமெந்து எல்லாவற்றையும் அந்த மென்பொருளே கணக்குப் போட்டுத் தந்துவிடுகிறது. திரையில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. "சேர், விரயத்துக்கு எத்தின வீதம் போடுற?" என்று கேட்டாள். ஐந்து என்று சொல்ல வேண்டியவன் அந்த வெறும் கட்டத்தையே பார்த்தேன். நான் யோசிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்கோ மூக்கில் டீசல் மணந்தது.

யுத்த காலத்தில் எங்கள் அலுவலகத்தில் கணினி என்றால் டீசலும் சேர்ந்துதான். மட்டக்களப்பு நகரத்துக்கு மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஜெனரேற்றர் ஓடும் இரண்டு மணித்தியாலத்துக்குள் மதிப்பீட்டை முடித்து, அச்செடுத்து, பிளொப்பித் தட்டில் பதிந்தும் வைக்க வேண்டும். நிவாரண நிறுவனமொன்றில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தன். கொழும்பில் மூன்று கிழமை படித்துவிட்டு வந்தவன், அட்டவணைக் கணக்கு மென்பொருள் தெரிந்த ஒரே ஆள். சட்டைப் பையில் பிளொப்பி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிவேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அப்போது அது எனக்குப் பதக்கம்.

வாகரைப் பக்கம், பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அப்பால், பிரசவ அறையோடு ஒரு சிறிய மருந்தகம் கட்ட வேண்டியிருந்தது. அங்கே இயக்கத்தின் கட்டுப்பாடு, இங்கே இராணுவம். சீமெந்து அந்தப் பக்கம் போனால் பதுங்குகுழி கட்டுவார்கள் என்று இராணுவம் ஒவ்வொரு பைக்கும் அனுமதி கேட்கும். எங்கள் மதிப்பீட்டுத் தாள் கொழும்புவரை போய், முத்திரை குத்தப்பட்டு வர மாதக்கணக்காகும். முத்திரை விழுந்த தாளில் என்ன எண்ணிக்கையோ அதுதான் லொறியில் இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நான் செய்த கெட்டித்தனத்தைக் கேளுங்கள். அட்டவணை அகலமாகி, அச்சில் இரண்டு தாளில் விழுந்தது. ஒரே தாளில் அழகாக வர வேண்டும் என்று வலப்பக்கக் கடைசி இரண்டு நிரல்களை மறைத்துவிட்டு அச்செடுத்தேன். சிந்திச் சிதறுவதற்குக் கூட்டிப் போடும் விரயம் ஒன்று, விரயத்தோடு சேர்ந்த மொத்தம் மற்றது. தாளில் நூற்றிருபது பை என்று வந்தது. அனுமதியும் நூற்றிருபதுக்கே கிடைத்தது. லொறி ஏற்றும் நாளில் மறைத்த நிரல்களைத் திரும்பவும் திறந்து, திரையைப் பார்த்துக் களஞ்சியத்துக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். நூற்றிருபத்தாறு என்று எழுதினேன். பிழையாக ஒன்றும் தோன்றவில்லை.

லொறி ஓட்டியவர் ஞானம் அண்ணன். வந்தாறுமூலைக்காரர், நாற்பது வயதிருக்கும், ஆங்கிலம் தெரியாது. காலையில் போனவரை வாழைச்சேனை தாண்டிய சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழியில் ஒவ்வொரு சென்றிக் காவலிலும் இறங்கி உருட்டி, ஏறி, இறங்கி உருட்டிப் போகும்போதுதான் அந்த இரண்டு நிரல்களும் நினைவுக்கு வந்தன. தாளில் நூற்றிருபது, லொறியில் நூற்றிருபத்தாறு.

அண்ணன் வெயிலில் முழங்காலில் இருந்தார். சட்டையைக் கழற்றியிருந்தார்கள். பைகள் எல்லாவற்றையும் அவரைக் கொண்டே இறக்குவித்து மணலில் அடுக்கியிருந்தார்கள். உடம்பெல்லாம் சீமெந்துத் தூள், அதில் வியர்வை ஓடிய கோடுகள். ஆறு பை மட்டும் தனியாகக் கிடந்தது. அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டான்.

"இந்த ஆறும் யாருக்கு? இது யாருடைய பிழை?"

என்னுடையது என்று சொல்ல ஒரு வினாடி போதும். அண்ணனின் முழங்கால் பக்கத்து மணலைப் பார்த்தேன். அங்கே இன்னோர் ஆளுக்கு இடமிருந்தது. "ஏற்றும்போது நடந்த பிழை," என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன்.

அதிகாரி சிரித்தான். அண்ணனுக்கு எண்ணத் தெரியாது என்று சிப்பாய்களிடம் சிங்களத்தில் சொல்லியிருக்க வேண்டும், அவர்களும் சிரித்தார்கள். பிறகு நூற்றிருபது பையையும் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு எண்ணியபடி அவரையே திரும்ப ஏற்றச் சொன்னார்கள். எண்பதைத் தாண்டியபோது குரல் அடைத்துவிட்டது. உதவப் போன என்னை ஒரு சிப்பாய் துவக்குக் குழலால் மறித்தான். நான் மறிபட்டு நின்றேன்.

பின்னேரம்தான் விட்டார்கள். கொஞ்சத் தூரம் போய் லொறியை ஓரங்கட்டி, அண்ணன் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க வராட்டி என்ன உள்ளுக்குப் போட்டிருப்பானுகள். பிழை என்ட பக்கம்தான். ஏத்தக்குள்ள நான் தேத்தண்ணி குடிக்கப் போயித்தன். குடிச்சித்து வந்து எண்ணிப் பாக்கல்ல."

"சரி, விடுங்க அண்ணன்," என்றேன். என் பிழைக்கு நான் அவரை மன்னித்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

போன கிழமை அந்தப் பொறியியலாளர் பிள்ளை கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாறுமூலைக்குப் போனேன். அந்தச் சென்றிகளில் ஒன்றுகூட இன்று இல்லை, எந்த இடத்தில் இருந்தன என்று கேட்டால் எனக்கே காட்டத் தெரியாது. பனிச்சங்கேணியில் புதுப் பாலம் வந்துவிட்டது. மருந்தகத்தைச் சுனாமி கொண்டுபோயிற்று. லொறி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. அண்ணன் மட்டும் இருப்பார் என்று எந்த நம்பிக்கையில் போனேன் என்று தெரியவில்லை. அவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவருடைய மனைவி என்னை அடையாளம் கண்டு தேநீர் தந்தார். "உங்களப் பத்தி எப்பவும் சொல்லுவார் தம்பி. நீங்க வந்துதான் காப்பாத்தின எண்டு. அதுக்குப் பொறகு ஏத்துற இடத்தில தேத்தண்ணி குடிக்கிறதையே விட்டித்தார்."

எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்த நிரலையும், எழுதிய துண்டையும், அந்த அதிகாரியிடம் நான் சொன்ன சொல்லையும். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் என் தேநீர்க் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இத அவருக்கிட்டச் சொல்லியிரிக்கலாமே தம்பி," என்றார். "சிரிச்சித்துப் போயிரிப்பார்."