இரண்டு மணிச் சங்கு

எனக்குக் கன்னடம் தெரியும் என்கிற திமிர் எட்டு வயதிலேயே வந்துவிட்டது. அப்பாவின் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்கு ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை இடி போல அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. அவருடைய கன்னடம் வேண்டும், வேண்டாம் என்பதற்கான 'பேக்கு', 'பேடா' என்கிற இரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. அம்மா அதையும் தாண்டவில்லை. நானோ தெருப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு, ஆறே மாதத்தில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். கர்நாடக எல்லை தாண்டுகிற அத்திப்பள்ளி பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பது நான்தான். அப்பா பின்னால் நின்று பெருமைப்படுவார். அரைகுறைப் படிப்பு ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதற்கு முந்தின வருஷம் அம்மா சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தாள். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், தலையை ஸ்கேன் எடுத்தார்கள், பை நிறைய மாத்திரையோடு திரும்பி வந்தார்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்குச் சொல்லப்பட்டது 'தலைவலி' என்கிற ஒரு வார்த்தை மட்டும். தலைவலிக்கு யாராவது குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்களா? எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

கடைசியில் எனக்கு விஷயத்தைச் சொன்னது வீட்டு ஓனரம்மா. அவர் என்னிடம் சொல்லவில்லை. குழாயடியில் தன் தங்கையிடம் எங்கள் வீட்டைக் கண்ணால் காட்டிக் கன்னடத்தில் சொன்னார். "பாப்ப, அவள தலெயல்லி எரடு கண்ட்டு. ஜீவக்கே அபாய." நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்துப் பேசுகிறாரே என்று உள்ளூரச் சிரிப்பு வேறு.

கன்னடத்தில் கண்ட்டு என்றால் கட்டி. கண்ட்டெ என்றால் மணி. ஓனரம்மா சொன்னது கண்ட்டு. தெருவிலும் பஸ்ஸிலும் கன்னடம் படித்த என் காதில் விழுந்தது கண்ட்டெ. தலை, இரண்டு மணி, உயிருக்கு ஆபத்து. மூன்றையும் சேர்த்து நானே பொருள் சொல்லிக்கொண்டேன். இரண்டு மணிக்கு அம்மா தலையில் ஏதோ ஆகும். அதில் அவள் செத்துப்போவாள்.

சரியாக இரண்டு மணிக்குத்தான் எங்கள் பக்கத்துக் கம்பெனிச் சங்கு ஊதும். காலை ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் ஏறுகிற நேரம். மதிய மாத்திரை போட்டுக்கொண்டு அம்மா அந்த நேரத்தில்தான் கண் சொருகிப் பாயில் சாய்வாள். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. முழுப் பரீட்சை லீவு. தெருவில் என்ன விளையாட்டு நடந்தாலும் ஒன்றே முக்காலுக்கு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவேன். சங்கு ஊதும்போது இரண்டு கையாலும் அம்மாவின் தலையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஊதி ஓய்ந்ததும் விடுவேன். பிள்ளை தலை பிடித்துவிடுகிறது என்று அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

அந்த லீவில்தான் அடுத்த ஸ்கேன் வந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கூட்டிப்போனார்கள். கட்டி வளர்ந்திருந்தால் தலையைத் திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு அப்பா வந்து, "ரெண்டு மணிக்கு உள்ள கூப்பிடுவாங்களாம்" என்று சொன்னதுதான் எனக்குத் தெரியும். வேறு நேரமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

ஸ்கேன் அறைக்குள் உலோகம் ஆகாது. அம்மா தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றினாள். மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம் தாலிக்கொடியைக் கழற்றினாள். எல்லாவற்றையும் பர்ஸில் வைத்து, பழைய ஃபிலிமும் சீட்டும் இருந்த பையையும் சேர்த்து என் மடியில் வைத்தாள்.

"பத்திரமா வச்சிக்கிடணும், என்னட்டி?"

அப்பா அவளை உடை மாற்றும் அறைக்கு அழைத்துப்போனார். பழைய ஃபிலிமும் சீட்டும் இல்லாமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்று வாசலில் ஒரு நர்ஸ் வேறொருவரைக் கடிந்துகொண்டிருந்தார். கடிகாரத்தில் இரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மாடிப்படிக்கு அடியில் குடிநீர் டிரம்முக்குப் பின்னால் ஒருவர் உட்கார இடம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கடிகாரமும் தெரிந்தது.

அம்மா பேரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். அப்பா என் பேரைச் சொல்லிக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக ஓடுவது டிரம் சந்தில் தெரிந்தது. அந்த முகத்தோடு அப்பாவை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அசையவில்லை. முள் இரண்டைத் தொட்டது, கடந்தது. இரண்டேகாலுக்கு நான் பையோடு வெளியே வந்தேன். பரீட்சை எழுதி முடித்தவள் போல நிம்மதியாக வந்தேன்.

அப்பா என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை. அன்றைக்குக் கை ஓங்கிவிட்டார். ஆஸ்பத்திரி உடுப்பில் நின்ற அம்மாதான் குறுக்கே வந்தாள். "எங்கட்டி போன? ஏன் இப்பிடிச் செஞ்ச?"

"ரெண்டு மணிக்கு நீ உள்ள போவக் கூடாதும்மா. ஓனரம்மா சொன்னாங்க, தலெயல்லி எரடு கண்ட்டென்னு. ரெண்டு மணிக்குத்தான ஆபத்து? அதான் ரெண்டு மணி போனப்புறம் வந்தேன்."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கன்னடக்கார நர்ஸுக்கு விளங்கிவிட்டது. "அய்யோ புட்டி, கண்ட்டெ அல்ல, அது..." என்று ஆரம்பித்தவரின் மணிக்கட்டை அம்மா சட்டென்று பிடித்தாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து கண்ட்டு என்கிற அந்த ஒரு கன்னடச் சொல் அவளுக்கும் பழகியிருந்தது. நர்ஸ் பேச்சை விழுங்கிக்கொண்டார். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"சரிதான். ரெண்டு மணி தாண்டியாச்சுல்லா, இனி என்ன?" என்று சொல்லிவிட்டுப் போய் வரிசையில் உட்கார்ந்தாள்.

எங்கள் முறை போய்விட்டதால் நான்கு மணி வரை காக்க வைத்தார்கள். முடித்து வெளியே வந்த அம்மா, "உங்க பிரஸ் ஷாப்புக்குள்ள தலையக் குடுத்த மாதிரி இருக்கு. எப்பிடித்தான் தினம் நிக்கிறியளோ" என்றாள் அப்பாவிடம். ஃபிலிம் வந்து டாக்டரைப் பார்க்கும்போது ஆறரை ஆகிவிட்டது. டாக்டர் பழைய ஃபிலிமையும் புதியதையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஹாகே இதே. அப்படியே இருக்கும்மா" என்றார்.

அதைக் கேட்டதும் அப்பா நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அம்மா டாக்டரைக் கும்பிட்டாள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. போன பரீட்சையில் என் ரேங்க் அப்படியே இருக்கிறது என்று திட்டியவர்கள், இங்கே அப்படியே இருக்கிறதற்குக் கும்பிடுகிறார்களே! வெளிச்சாப்பாடு என்றாலே முகம் சுளிக்கிற அப்பா எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு மசால் தோசை வாங்கித் தந்தார். தன் தோசையில் பாதியையும் எனக்கு வைத்தார். நான்தான் அம்மாவைக் காப்பாற்றினேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து சங்கு ஊதி ஓய்ந்ததும் அம்மா வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள். "ரெண்டு மணி தாண்டியாச்சுட்டி!" நான் தெருவிலிருந்து "சரிம்மா" என்பேன். ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிப்போக வேண்டியதில்லை. கண்ட்டுக்கும் கண்ட்டெக்கும் வித்தியாசம் தெரிந்த வயதிலும் அவள் அதை நிறுத்தவில்லை, நானும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை. பயந்த பிள்ளையைத் தேற்ற அம்மா கண்டுபிடித்த தந்திரம் என்று, தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அம்மா இருக்கிறாள். கட்டிகளும் இருக்கின்றன, அப்படியே. ஸ்கேன் இப்போது வருஷத்துக்கு ஒன்றுதான். கல்யாணமாகி வேலூர்ப் பக்கம் போன பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓசூருக்கு வந்தேன். அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். கேட்டைத் திறக்கும்போது சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்ததும் உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. "ரெண்டு மணி தாண்டியாச்சு."

நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. வீட்டில் வேறு யாரும் இல்லை.