புதன்கிழமையே போகச் சொன்னார்கள்

திருச்சிக்கு ஒரு நாள் போய்வரலாமா என்று கேட்டதற்கு எங்கள் எஸ்டேட் மேனேஜர் உடனே சரி என்றார். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது.

அவர் எதற்கும் உடனே சரி சொல்கிற ஆள் இல்லை. பல் பிடுங்கச் சேலம் போக அரைநாள் கேட்டால், எந்தப் பல், மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று விசாரிப்பவர். அப்படிப்பட்டவர், "திருச்சிதானே, நல்லாப் போயிட்டு வாங்க. லைன்ல இருக்கற எல்லாருமே போங்க. ஞாயித்துக்கெழம எங்க பாத்தாலும் கூட்டமா இருக்கும். புதன்கெழம போங்க, அன்னிக்கு லீவு விட்டுடறேன், சம்பளத்தோட" என்றார். சம்பளத்தோடு. அதுவும் மிளகு பறிப்பு தொடங்கியிருக்கிற மாதத்தில்.

நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வரும்போதே மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்: புதன்கிழமை இங்கே என்ன?

லைன் என்பது எங்கள் குடியிருப்பு. ஏற்காட்டில் மஞ்சக்குட்டை போகிற ரோட்டிலிருந்து காப்பிச் செடிகளுக்குள் இறங்கினால், ஒரே தகரக் கூரையின் கீழே சுவரோடு சுவர் ஒட்டி ஒன்பது வீடுகள். எல்லாம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை இருக்கிறவரை வீடும் இருக்கும். அப்பா போன பிறகு அம்மாவின் பெயரில்தான் எங்கள் வீடு ஓடுகிறது. சேலத்தில் தங்கி வரலாறு படித்து முடித்துத் திரும்பி வந்த நான், அடுத்த பரீட்சைக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் அங்கேதான் இருந்தேன்.

திருச்சி என் யோசனை. மூன்று வருடம் காவிரியைப் பற்றிப் பரீட்சை எழுதியிருக்கிறேன், காவிரியை மேட்டூரில் ஒரு தடவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கல்லணையைப் பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் அதன்மேல் நடந்ததில்லை என்றால் வெட்கமாக இருக்காதா? லைன் பெண்களிடம் கல்லணை என்று சொன்னபோது யாரும் அசையவில்லை. சமயபுரம் என்றதும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஸ்ரீரங்கம் என்றதும் எந்தச் சேலை என்ற பேச்சு ஆரம்பித்துவிட்டது.

ஃபோனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு திட்டம் போட்டேன். விடியுமுன் கிளம்பிக் குப்பனூர் வழியாக இறங்குவது. நாமக்கல் தாண்டி, முசிறியிலிருந்து ஆற்றை ஒட்டியே போவது. முதலில் சமயபுரம், மதியம் நடை சாத்துவதற்குள் ஸ்ரீரங்கம், கட்டுச்சோற்றைக் கல்லணையில் மர நிழலில் பிரிப்பது, பாறைச் சூடு தணிந்த பிறகு மலைக்கோட்டை ஏறுவது. மேலே நின்றால் இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் மொத்தமும் தெரியும் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அங்கு போய்வந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் ரைட்டர் வந்தார். எஸ்டேட்டில் பேர் போடுவது, வேலை பிரிப்பது எல்லாம் அவர்தான்.

"எல்லாருந்தானே போறீங்க? ஒருத்தருங்கூட நிக்கலையே?" என்றார்.

"எல்லாருந்தானுங்க" என்றாள் அம்மா.

"அப்படின்னா சாவியெல்லாம் ஆபீஸ்ல மாட்டிட்டுப் போயிருங்க. கோழிக்குத் தீனி, வெளக்கு, எல்லாம் நா பாத்துக்கறேன்."

அவர் போனதும் நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். "சாவி குடுக்காதம்மா."

"ஏம் புள்ள? சேர்வராயன் கோயில் தேருக்குப் போறப்பவும் அங்கதான மாட்டிட்டுப் போறோம்?"

அதுதான் எனக்குப் பயமே. திருவிழாவுக்குப் போகிறவர்களும் அந்த ஆணியில்தான் சாவியை மாட்டுவார்கள். வேலையை விட்டு ஒரேயடியாகப் போகிறவர்களும் அதே ஆணியில்தான் மாட்டுவார்கள். எழுதிக் கொடுப்பது, கையெழுத்து என்று எதுவும் கிடையாது. சாவி ஆணிக்கு வந்தால் வீடு எஸ்டேட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே நாளில் போவதில்லை, அதனால் இதுவரை அந்த ஆணிப் பலகையில் ஒன்பது சாவியும் சேர்ந்து தொங்கியதில்லை. புதன்கிழமை தொங்கப் போகிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து எஸ்டேட் பாதி ரிசார்ட் ஆனதையும், அங்கே இருந்தவர்கள் இப்போது அடிவாரத்தில் வாடகைக்கு இருப்பதையும் சொன்னேன். பொங்கலுக்கு முன்னால் இரண்டு பேர் வந்து லைனுக்குப் பின்னால் டேப் வைத்து அளந்ததையும் ஞாபகப்படுத்தினேன். கேட்டதற்குக் குழாய் போட என்றார்கள். இன்றுவரை ஒரு குழாயும் வரவில்லை.

"படிக்க வெச்சது தப்பாப் போச்சு" என்றாள் அம்மா. "நல்லது பண்ணுனாலும் சந்தேகம், பண்ணாட்டியும் சந்தேகம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஒட்டுச்சுவர் அக்காவுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்கக் கேட்கும். எங்களுக்கும் அவள் வீட்டுக் குக்கர் விசில்வரை கேட்கும்.

"அக்கோவ், உங்க புள்ள போலீசுக்குப் படிக்கறாளாக்கு?"

மறுநாள் குழாயடியில் எல்லாரிடமும் சொன்னேன். வீட்டுக்கு ஒருத்தராவது நிற்க வேண்டும், முடியாவிட்டால் சாவியையாவது கையோடு கொண்டுபோக வேண்டும். குடத்தை இடுப்பில் வைத்தபடியே சிரித்தார்கள். ஒட்டுச்சுவர் அக்காதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏங்கண்ணு, ஆளக் கொறைக்கச் சொல்றியே, சின்ன வேனாப் புடிச்சு மிச்சத்த நீ வெச்சுக்கவா? வேன்காரன் உனக்குத் தெரிஞ்சவனாமே?"

"அக்கா, நா எதுக்குச் சொல்றேன்னா..."

"எனக்குத் தெரியாதாக்கு! எங்களக் கூட்டிட்டுப் போறதா சொன்னதும் நீ, இப்ப நில்லுங்கறதும் நீ."

மேனேஜரை நான் சந்தேகப்பட்டால் லைன் மொத்தமும் என்னைச் சந்தேகப்பட்டது. அன்று சாயங்காலமே ஒருவர் வேன்காரருக்கு ஃபோன் போட்டு எத்தனை சீட் என்று தனியாக விசாரித்தார்.

நான் விடவில்லை. ரோட்டுப் பக்கமாக வெறுமனே நடந்தேன். எஸ்டேட் பங்களா ஜன்னல்களுக்குத் திரைத்துணி துவைத்து மாட்டியிருந்தார்கள். லைனுக்கு இறங்கும் வழியில் காட்டுச்செடியை வெட்டி, கார் வருகிற அகலத்துக்கு மண் கொட்டியிருந்தார்கள். மழைக் காலத்தில் பிரசவத்துக்கு ஜீப் வர முடியாமல் பெண்களைத் தூக்கிக்கொண்டு போன வழி அது. அப்போதெல்லாம் கொட்டாத மண்.

செவ்வாய்க்கிழமை மாலை அம்மா புளிச்சோறு கிளறிக்கொண்டிருந்தாள். நான் மண் கொட்டியதைச் சொன்னேன். இந்தத் தடவை அவள் திட்டவில்லை. கரண்டி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

"அப்படி சந்தேகமா இருந்தா நீயே இருந்துக்க" என்றாள்.

"நானா? திருச்சிக்குப் போலாமுன்னு சொன்னதே நானும்மா!"

"சந்தேகமும் உன்றதுதான கண்ணு. வேற ஆரு இருப்பாங்க?"

கோபத்தில்தான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால், அவள் வேண்டாம் வா என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. எனக்கு எடுத்து வைத்திருந்த சோற்றைப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் தட்டில் மாற்றி மூடினாள். எங்கள் வீட்டுச் சாவியை மட்டும் என்னிடம் கொடுத்தாள்.

விடியுமுன் ஆபீஸ் முன்னால் வேன் நின்றது. ஏறுவதற்கு முன் ஒவ்வொருவராகப் போய்ச் சாவியை ஆணியில் மாட்டினார்கள். பழக்கம். கோயிலுக்குப் போகும்போது செருப்பை விடுகிற மாதிரிக் கை தானாகப் போனது. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டுச் சாவிகள். ரைட்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"நீ போகலியா கண்ணு?" அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

"வயிறு சரியில்லீங்க."

"அட, போனா சரியாப் போயிரும், ஏறு."

அவ்வளவு அக்கறை எனக்குப் பிடிக்கவில்லை. வேன் கிளம்பிப் போனது. காலை முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டில் மட்டும் ஆள் இருந்து என்ன ஆகும்? எட்டு வீடு காலி, ஒன்பதாவதில் வயிறு சரியில்லாத ஒரு பெண் என்றால் அது காலிதான். மத்தியானம் பூட்டிய வீடுகளுக்குள் கோழிகள் கத்த ஆரம்பித்ததும் யோசனை வந்தது. நேராக ஆபீசுக்குப் போனேன்.

"ஏனுங்க, கோழிக்குத் தீனி போடோணும். சாவி வேணுமுங்க."

"நா வந்து போடறேன்."

"ஒட்டுச்சுவர் அக்கா ஊட்டுச் சேவல் உங்களக் கொத்துமுங்க. தேரப்போ கொத்துச்சே, மறந்துட்டீங்களா?"

ரைட்டர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். மறக்கவில்லை என்று தெரிந்தது. சாவிகளைக் கழற்றி ஒரு கயிற்றில் கோத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "மூணு மணிக்குள்ள கொண்டாந்து மாட்டிரோணும்" என்றார். ஏன் மூன்று மணி என்று நான் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்தேதான் கொடுத்தாரோ என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எட்டு வீட்டையும் திறந்தேன். கோழிகளைத் திறந்துவிட்டேன். பிறகு வேலையில் இறங்கினேன். எல்லா வீட்டு வெந்நீர் அடுப்பிலும் காப்பிச் சுள்ளி வைத்துப் பற்றவைத்தேன். இருந்த துணிகளையெல்லாம் நனைத்துக் கொடியில் போட்டேன். நான்கு வீட்டில் டிவி இருந்தது, நான்கையும் போட்டேன். ஒன்றில் சீரியல் மாமியார் அழுதாள், இன்னொன்றில் மசாலா அரைத்தார்கள். ஒட்டுச்சுவர் அக்கா வீட்டுக் குக்கரில் வெறும் தண்ணீர் ஊற்றி விசில் விட்டேன்.

மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் புது மண்ணில் ஒரு வெள்ளைக் கார் இறங்கி வந்தது. மேனேஜர் முதலில் இறங்கினார். பின்னால் ஷூ போட்ட ஒருவரும், ஃபோனில் படம் பிடித்தபடி ஒரு பெண்மணியும். புகையைப் பார்த்ததும் மேனேஜர் அப்படியே நின்றார். குக்கர் விசிலடித்தது.

"காலி லைன்னு சொன்னீங்களே?" என்றார் அந்த ஆள்.

"ஆமா... வந்து..." மேனேஜர் என்னிடம் திரும்பினார். "நீ போகலியா?"

"இல்லீங்க சார்."

அந்தப் பெண்மணி என்னிடம் வந்தார். "இங்க யாருமா இருக்காங்க?"

"ஒம்பது குடும்பம் இருக்குதுங்க. எல்லாரும் திருச்சிக்கு டூர் போயிருக்காங்க. ராத்திரி வந்துருவாங்க. டீ சாப்பிடறீங்களாங்க?"

"டூரா? செட்டில் ஆகிப் போயிட்டாங்கன்னில்ல சொன்னாங்க?"

"மலைக்கோட்டை பாக்கப் போயிருக்காங்கம்மா. செட்டில் ஆறதுக்கு அங்க என்ன இருக்குது?"

அவர் சிரிக்கவில்லை. கொடியில் சொட்டிய துணிகளைப் பார்த்தார், பிறகு கூட வந்தவரைப் பார்த்தார். இருவரும் காருக்கு அருகே போய்த் தணிந்த குரலில் பேசினார்கள். மேனேஜர் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "சாவி எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"கோழிக்குங்க சார்."

யாரும் டீ குடிக்கவில்லை. மேனேஜரும் ஏறிக்கொள்ள, கார் திரும்பிச் செடிகளுக்குள் மறைந்ததும் சாவிக் கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டேன். அதே நேரம் ஃபோன் அடித்தது. அம்மா. பின்னால் ஒரே இரைச்சல், யாரோ பொரி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"மலைக்கோட்டை அடியில நிக்கறோம்" என்றாள். "ஆராச்சும் வந்தாங்களா?"

சாமி எப்படி, ஆறு எப்படி, எதுவும் சொல்லவில்லை. முதல் கேள்வியே அது. காலையிலிருந்து அவளும் இதையே சுமந்துகொண்டு சுற்றியிருக்கிறாள்.

"வந்தாங்கம்மா. காலி லைன்னு சொல்லி எடம் வாங்கறவங்களக் கூட்டியாந்திருக்காங்க."

அந்தப் பக்கம் அம்மா யாரிடமோ திருப்பிச் சொன்னாள். ஒட்டுச்சுவர் அக்காவின் குரல், "என்னது? என்னது?" என்று நெருங்கி வந்தது. "கண்ணு, எங்க சாவி?"

"எல்லாச் சாவியும் என்ற இடுப்புல இருக்குதுக்கா."

ஃபோன் மறுபடி கை மாறியது. பிறகு அம்மா, "போயிட்டாங்களா?" என்றாள்.

"கெளம்பிட்டாங்க."

"கெளம்பறது வேற, போறது வேற. பங்களாவுல ஒக்காந்துட்டு இருட்டுனதும் வந்தா? போயிப் பாரு. அவங்க ரோட்டுல போனாத்தான் நாங்க மேல ஏறுவோம்."

ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே மேட்டுக்கு ஓடினேன். அங்கிருந்து ஏற்காடு ரோட்டின் ஒரு வளைவு தெரியும். பஸ் ஒன்று போனது, தக்காளிக் கூடை ஏற்றிய ஜீப் ஒன்று போனது. வெள்ளைக் கார் வரவில்லை. அம்மா ஃபோனை வைக்கவில்லை. அவளைச் சுற்றி லைன் மொத்தமும் படிக்கட்டில் ஒரு கால் வைத்து நின்றிருக்க வேண்டும்.

கார் வளைவில் வந்தது. நிற்காமல் போனது. அது சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன், திரும்பி வருகிறதா என்று.

"போயிருச்சும்மா" என்றேன். "ஏறு."