டார்லீன் எதையும் மாற்றவில்லை

கனடாவின் சஸ்காச்சுவானில் எங்கள் ஊரில் கார் மக்கர் செய்தால் ஆளாளுக்கு டாக்டர்தான். பம்பை மாற்று என்பான் ஒருவன், பெல்ட்டை மாற்று என்பான் இன்னொருவன். மெக்கானிக் டார்லீன் மட்டும் ஸ்பானரைத் தொடமாட்டாள். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்பாள். பக்கத்துக் கடைக்காரனான எனக்கே சில சமயம் எரிச்சல் வரும்.

ஏப்ரலில், பனி உருகிய பிறகு, நெஸ்டர் அவளிடம் காரைக் கொண்டுவந்தார். அவர் மனைவி ஓல்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நகரத்து ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். எத்தனை நாள் தாங்குவாள் என்று டாக்டர்களே சொல்லவில்லை. இந்த லட்சணத்தில், நெடுஞ்சாலையில் ஏறியதும் கார் கொதிக்கிறது. ஊர்க்காரர்கள் பேச்சைக் கேட்டு தெர்மோஸ்டாட்டை மாற்றினார், தண்ணீர் பம்பை மாற்றினார். ஒன்றும் சரிப்படவில்லை. எஞ்சினையே மாற்றிவிடு, இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு நகரத்துக்கே போய்விடுகிறோம் என்றார். ஓல்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"எஞ்சின் கெடக்கட்டும் அண்ணே. குளிர்காலத்துல எப்படி ஓடுச்சு?" என்றாள் டார்லீன்.

"அப்ப ஒரு தொந்தரவும் இல்லம்மா."

பின் சீட்டில் ஏறிக்கொண்டு நெஸ்டரை ஓட்டச் சொன்னாள். ஊருக்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் அசையவில்லை. நெடுஞ்சாலையில் விறுவிறுவென்று ஏறியது. திரும்பி வந்து, விசிறி சுழலும்போது முன்பக்கக் கம்பிவலையில் ஒரு காகிதத்தை வைத்தாள். காற்று இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் தரையில் விழுந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவி, ரேடியேட்டருக்கு முன்னாலிருந்து ஓர் அட்டையை உருவினாள்.

குளிர்காற்று எஞ்சினில் படாமல் தடுக்க, குளிர்காலத்தில் நாங்கள் எல்லோரும் செருகுவதுதான். எஞ்சின் சட்டென்று சூடாகும், காருக்குள்ளும் வெதுவெதுப்பாக இருக்கும். பனி போனதும் எடுத்துவிட வேண்டும். நெஸ்டரோ, தான் செருகவே இல்லை என்று சாதித்தார்.

"நான்தான் வெச்சேன்," என்றாள் ஓல்கா. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றப்ப குளிர் தாங்கல. சொன்னா நீ கவலைப்படுவே. அப்புறம் மறந்தே போச்சு."

டார்லீன் மறுபடியும் நெடுஞ்சாலைக்கு ஓட்டிப் பார்த்தாள். முள் அசையவே இல்லை. என்ன பெண் அவள்! ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் அவர்கள் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தாளே!

அட்டையைக் குப்பையில் போடப் போனாள். நெஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுடாதம்மா. நவம்பர்ல அவளுக்குக் குளிரும்."

டார்லீன் அட்டையைத் துடைத்து டிக்கியில் வைத்தாள்.