ஒருவரும் சொல்லாத ஊசி

காலையில் கடை திறந்ததும் பிரகதீஸ்வரி ஸ்க்ரூ டிரைவரைத் தொடமாட்டாள். சூடான டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்து, விறைத்த விரல்கள் மடங்கும்வரை உட்கார்ந்திருப்பாள். லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். கீரனூர் பஸ் ஸ்டாண்டு அருகே அவளுடைய செல்போன் ரிப்பேர் கடை. அவசரப்படுத்துகிறவர்களிடம், "வெரலு இன்னும் எந்திரிக்கலைங்க, அங்கிட்டு உக்காருங்க" என்பாள். அந்த நோயால் வந்த கன்னத்துச் சிவப்பைப் பார்த்து மஞ்சள் பூசச் சொல்கிறவர்களின் போன் வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

கணவன் ரகுநாத் குவைத்தில். போன வருடம் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனையில் அவளுக்கு எச்.பி.வி. வைரஸ் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் இல்லை, கவனிக்காமல் விட்டால் பின்னாளில் வரலாம். முடிவைச் சொன்ன நர்ஸ் குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரர் வெளிநாட்டுலதானே?" என்றார்.

"ஆமாங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?"

நர்ஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அன்று பஸ்ஸில் இடம் இருந்தும் பிரகதீஸ்வரி ஊர்வரை நின்றுகொண்டே வந்தாள்.

திருச்சியில் அவளுக்கு லூபஸ் வைத்தியம் பார்க்கும் டாக்டர் நிதானமாக விளக்கினார். தாம்பத்தியத்தில் இருக்கும் யாருக்கும் தொற்றக்கூடிய வைரஸ். பலருக்குத் தானே போய்விடும். லூபஸுக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தங்கிவிடலாம். தடுப்பூசி உண்டு. அதில் உயிருள்ள கிருமி கிடையாது, லூபஸ் உள்ளவர்களும் போடலாம். வந்த தொற்றைப் போக்காது. அந்த வைரஸில் இன்னும் வராத வகைகளைத் தடுக்கும்.

"மாத்திரை எழுதுனது நீங்க. எட்டு வருசமா ஒங்ககிட்டதான் வாரேன். முடி கொட்டுதான்னு கேட்டீங்க, வெயில்ல போகாதீங்கன்னீங்க. இந்த ஊசியை ஏன் சொல்லலை?"

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "யாரும் கேக்கறதில்லையேம்மா."

"தெரிஞ்சாத்தானே சார் கேப்பாங்க."

ரகுநாத்திடம் அவளே போனில் சொன்னாள். "எனக்கும் இருக்குமோ?" என்றான்.

"இருக்கலாம். ஒங்கள மட்டும் யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக."

ஊசிக்குப் புதுக்கோட்டையில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். "இது சின்னப் பிள்ளைகளுக்குப் போடுறதும்மா" என்றாள் அங்கிருந்த பெண். டாக்டரின் சீட்டைப் படித்ததும், கூடத்தில் காத்திருந்த பெண்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டாள். "இங்கிட்டு வந்துருங்க. யாருக்கும் தெரியாது."

பிரகதீஸ்வரி உள்ளே போனாள். அந்த நாற்காலியைக் கிறீச்சென்று தரையில் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, பெண்களுக்கு நடுவே போட்டு உட்கார்ந்து, சுடிதார்க் கையைத் தோள்வரை சுருட்டினாள்.