தம்பதிவ போகாத யாத்திரிகர்

எங்கள் கித்துல்பிட்டியவில் யாருக்காவது காய்ச்சல் கொஞ்சம் நீண்டுவிட்டால், வீட்டுக்காரர்கள் டாக்டருக்குச் சொல்லி அனுப்புவார்கள். கருணாபாலவுக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். கருணாபால கெட்டவர் அல்ல. ஊர்க் கண்தானச் சங்கத்தின் செயலாளர், அவ்வளவுதான். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, எழும்பிவிடுவீர்கள் என்று ஆறுதல் சொல்வார். சொல்லும்போது அவர் பார்வை நோயாளியின் கண்களில் தேவைக்குமேல் கொஞ்ச நேரம் தங்கும். மரத்தில் இருக்கும் மாங்காயைப் பார்க்கிற பார்வை அது.

இங்கே கண்ணைக் கொடுக்காமல் செத்துப்போவது, கல்யாண வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கிளம்பிப்போவது மாதிரி. யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் பேசிக்கொள்வார்கள். அதனால் லேக்கம் மாத்தயாவுக்கு (செயலாளர் ஐயாவை ஊர் அப்படித்தான் கூப்பிடும்) வேலை ஓயாது. உயிர் போன செய்தி வந்ததும் கண் எடுக்கிற டாக்டரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, ஐஸ் பெட்டியோடு, உடல் சில்லிடுவதற்குள் போய் நிற்பார். பிறகு அடக்கத்தன்று பேசுவார். "இவர் சாகல்ல. நாளைக்கு இன்னொரு ஊர்ல விடியிறத இவர் கண் பார்க்கப் போகுது" என்பார். அந்த இடத்தில் அழாத பெண்கள் எங்கள் ஊரில் இல்லை.

பேச்சின் பிற்பகுதி அவ்வளவு இனிமையாக இருக்காது. கொடுக்கிறவர் அடுத்த பிறவியில் ஒளியோடு பிறப்பார். சரி, வாங்குகிறவர்? போன பிறவியில் எதையோ பார்க்க மறுத்தவர், பாவம், இந்தப் பிறவியில் பிறத்தியார் கண்ணுக்குக் கை நீட்டுகிறார். இதை விளக்குவதற்காகவே வெசாக் போயா என்கிற பௌர்ணமி நாளன்று விகாரை மண்டபத்தில் ஒரு விழா நடக்கும். கண் கொடுத்தவர்களின் குடும்பங்கள் மேடையில், வெள்ளை விரித்த நாற்காலிகளில். கண் வாங்கியவர்கள் கீழே வரிசையில். ஒவ்வொருவராக ஏறி, முழங்காலிட்டு, நெற்றி தரையில் பட வணங்கவேண்டும். படம் பிடிக்கிறவருக்கு வசதியாக, ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குனியுங்கள் என்று கருணாபால பணிவோடு கேட்டுக்கொள்வார். மிகவும் உருக்கமான விழா.

இப்பேர்ப்பட்ட மனிதரின் வலது கண்ணில், அறுவடைக் களத்தில், ஒரு நெல்தாள் குத்தியது. புண்ணானது. ஆறியபோது கருவிழியில் பால் சிந்தியது போல வெள்ளைத் தழும்பு. இடது கண் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். கொழும்புக்குப் போனார். கருவிழியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

செயலாளர் முதலில் கேட்டது, வேறு வழி இல்லையா. இரண்டாவதாக, செத்தவரின் கண் தமக்கு வந்த பிறகு, அவர் பார்த்ததெல்லாம் தமக்கும் தெரியுமா. டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். முழுக் கண்ணையும் யாருக்கும் வைப்பதில்லை. முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற கருவிழியை மட்டும், சட்டைப் பொத்தான் அளவுக்கு வட்டமாக வெட்டி, கெட்டுப்போனதை எடுத்த இடத்தில் வைத்து, முடியைவிட மெல்லிய நூலால் சுற்றித் தைப்பார்கள். இத்தனை வருடம் எத்தனையோ ஜோடிக் கண்களை அனுப்பிவைத்த கருணாபாலவுக்கு அன்றைக்குத்தான் இது தெரிந்தது. அடக்க வீடுகளில் தாம் பேசியதெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. காது சுட்டது.

டாக்டர் தொடர்ந்தார். வலி பெரிதாக இருக்காது, மணல் விழுந்த மாதிரி உறுத்தும். உடனே பளிச்சென்று தெரியாது, மாதக்கணக்கில் மெல்லத் தெளியும். தையல் ஒரு வருடமாவது இருக்கும், அதற்குப் பிறகும் மூக்குக்கண்ணாடி தேவைப்படலாம். சொட்டு மருந்தை ஒரு வேளையும் விடக்கூடாது. கசக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, ஆரம்ப மாதங்களில் தலையைக் கீழே கவிழ்க்கக்கூடாது. முக்கியமாக, உடம்பு அந்தக் கருவிழியை அந்நியமாக நினைத்து எப்போது வேண்டுமானாலும் தள்ளப் பார்க்கும். கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், வலித்தால் அன்றைக்கே வரவேண்டும். சீக்கிரம் வந்தால் காப்பாற்றலாம்.

சத்திர சிகிச்சைக்குப் பயப்படவில்லை கருணாபால. வெசாக் வரிசைக்குப் பயந்தார். யோசித்து யோசித்து ஊரில் ஒரு காரணம் சொன்னார்: தம்பதிவ போகிறேன், இந்தியாவுக்கு. புத்தகயாவுக்கு, சாரநாத்துக்கு.

வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் தப்பியிருப்பார். தம்பதிவ யாத்திரை போகிறவரை எங்கள் ஊர் சும்மா அனுப்பாது. கிளம்புகிற அன்று முற்றம் நிறைந்துவிட்டது. வெற்றிலை கொடுத்து வணங்கினார்கள். போதிமரத்தடியில் வைக்கச் சொல்லி ஊதுபத்தி, வெள்ளைத் துணி, நெய் விளக்குத் திரி. திங்கிரி மெனிகே என்கிற கிழவி, தன் தோட்டத்து அரலியா மொட்டுகளை ஈரத்துணியில் சுற்றி, "நான் போகமாட்டேன் மகன், என் பூவாவது போகட்டும்" என்று கையில் வைத்தாள். அத்தனையையும் சுமந்துகொண்டு புனித யாத்திரிகர் கொழும்பு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

சிகிச்சை நன்றாகவே நடந்தது. கண்ணை மரக்க வைத்தார்கள், பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, வலி இல்லை. அடுத்த நாள் கட்டைப் பிரித்தபோது, பனிக்குள்ளிருந்து மனைவி பியசீலியின் உருவம் தெரிந்தது. அது பட்டியலோடு நின்றது: யார் யாருக்குப் போதி இலை, யாருக்குக் கயா மண். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் எல்லாம் கிடைத்தது. இலையைப் படச் சட்டத்தில் போட்டே விற்கிறார்கள்.

திரும்பி வந்த யாத்திரிகரை வணங்கினால் யாத்திரைப் புண்ணியத்தில் பங்கு உண்டு. ஆகவே ஊர் வரிசையாக வந்து அவர் காலில் விழுந்தது. கறுப்புக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டவர்களுக்குக் கயாவின் தூசி என்றார். விகாரைக்குப் போனால் பெரிய பிக்குவின் முன்னால்கூடக் குனியவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு விளக்குக் கம்பம் மாதிரி நின்றார். தம்பதிவ மண்ணை மிதித்ததும் லேக்கம் மாத்தயாவுக்கு முதுகெலும்பு மடங்க மறுக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்தது. உண்மையைச் சொல்லிப் பெயரை மீட்கவும் வழியில்லை.

வெசாக்குக்குச் சில நாள் முன்னால் கண் சிவக்கத் தொடங்கியது. முற்றத்து வெயில் ஊசியாகக் குத்தியது. தெளிந்துகொண்டு வந்த தென்னைமரம் மறுபடி கரைந்தது. டாக்டர் சொன்ன அத்தனையும் நடக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். விழா முடியட்டும், இந்த நேரத்தில் கொழும்புக்குப் போனால் ஊர் கேட்கும் என்றார் மனைவியிடம்.

பியசீலி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "செத்த வீட்டுல, பிணம் ஆறுறதுக்குள்ள, கூச்சமே இல்லாமக் கண்ணக் கேட்டீங்க. இப்ப இருக்கிற கண்ணக் காப்பாத்தத்தான் கூச்சமாக்கும்."

அவர் விழாவுக்குப் போனார்.

மேடையில் அந்த வருடம் அவருக்கும் ஒரு வெள்ளை நாற்காலி. யாத்திரிகர் அல்லவா. கண் வாங்கியவர்கள் வரிசையாக ஏறி வந்து, குடும்பங்களை வணங்கிவிட்டு, அவரையும் வணங்கிப் போனார்கள். அதில் உபசேன வந்தான். குருநாகல் பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு வருடம் முன்பு கருவிழி மாற்றிக்கொண்டவன். முழங்காலிட்டவன் எழுந்திருக்காமல் அவர் முகத்தையே பார்த்தான். கண்ணாடியின் ஓரத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மாத்தயா, எப்பத் தைச்சது?" என்று கேட்டான், மெதுவாக.

கருணாபால தூசி என்றார்.

"படியேறுறப்பக் கீழ பார்க்காமக் காலால தடவி ஏறினீங்க. நானும் அப்பிடித்தான் ஏறினேன். கண்ணாடியக் கழட்டுங்க." அவர் கழற்றவில்லை. அவனே லேசாகத் தூக்கிப் பார்த்தான். "எத்தனை நாளாச் சிவப்பு?"

அவர் விரல்களைக் காட்டினார்.

"நானும் இப்பிடித்தான் வச்சுக்கிட்டு இருந்தேன். முதல் வருசம் இதே மேடையில இன்னும் குனி, இன்னும் குனின்னீங்களே, அப்பத் தையல் போட்டு ஒரு மாசம்கூட ஆகல்ல. குனியக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார்."

"ஏன்டா சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்றது, மாத்தயா? வாங்கினவன்தானே நான்."

அதன் பிறகு அந்தக் கண் என்ன ஆயிற்று என்று கருணாபால கேட்டார். தையல் ஒன்று விட்டுவிட்டது, திரும்பத் தைத்தார்கள், இப்போது பரவாயில்லை என்றான் உபசேன. பஸ் குலுக்கியதால் வந்தது என்று வீட்டில் சொல்லிவைத்தானாம். செயலாளர் பெயரை இழுக்க வேண்டாம் என்று.

வரிசை நின்றுபோயிருந்தது. பின்னால் இருந்தவர்கள் என்ன தாமதம் என்று எட்டிப் பார்த்தார்கள். கருணாபால நாற்காலியைவிட்டு எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினார். யாத்திரை அனுபவம் வரப்போகிறது என்று சபை கைகூப்பி நிமிர்ந்தது.

"நான் தம்பதிவ போகல்ல. கொழும்புக்குப் போனேன். இந்தக் கண்ணுல இருக்கிறது வேற ஒருத்தரோடது. அது இப்பக் கெட்டுக்கிட்டு வருது. யாராவது வேன் வச்சிருந்தாக் கொண்டுபோய் விடுங்க."

இதுபோன்ற சமயங்களில் மனிதர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வது வழக்கம். அவருக்கு அந்த வசதிகூடக் கிடையாது. கண்ணாடியில்லாத சிவந்த கண்ணோடு, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, தம் காலில் விழுந்த அத்தனை பேரையும் பார்த்தபடி நிற்க வேண்டியிருந்தது. பார்த்தார் என்பதும் சரியில்லை. எல்லாம் வெள்ளைத் திட்டுகள். அந்தத் திட்டுகளில் ஒன்று பேசியது.

"அப்ப என் பூவ எங்க வச்ச மகன்?" திங்கிரி மெனிகேயின் குரல்.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு போதி இருக்கு அம்மே. அங்க வச்சேன்."

"எல்லாம் அந்தக் கயா மரத்துப் பிள்ளைதானே," என்றாள் கிழவி. ஆனால் சமாதானமான குரலாக இல்லை. மேடையின் ஓரத்தில் பியசீலி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். போதி இலைகளைக் கையால் கொடுத்தவள் அவள்தான்.

வேனில் உபசேனவும் ஏறிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்றைக்குச் சிவந்தது என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் கோபித்தார். படித்துப் படித்துச் சொன்னேனே, என்ன வேலை இருந்தது உங்களுக்கு என்றார். விழா என்றார் கருணாபால. என்ன விழா? கண்தான விழா. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதினார். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து, ராத்திரியிலும். நின்றால் நிற்கும், நிற்காவிட்டால் இன்னொரு கருவிழி பார்க்கவேண்டும். அந்த 'இன்னொரு' என்கிற சொல்லைக் கேட்டதும் அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எந்த வீட்டில் யார் அழுதால் அது வரும் என்பது அவருக்குத் தெரியாததா.

முதல் நாட்களில் உபசேனதான் மருந்து விட்டான். செயலாளர் மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்து, வாங்கிக்கொண்டார். சிவப்பு மெல்ல இறங்கியது. ஓரத்தில் கொஞ்சம் மங்கல் தங்கிவிட்டது. தாமதித்ததற்கு அது, போகாது என்றார் டாக்டர்.

இப்போதும் ஐஸ் பெட்டியோடு செத்த வீட்டுக்கு அவர்தான் போகிறார், வேறு ஆள் அகப்படவில்லை. பேசுவதில்லை. வாசலில் நின்று, விருப்பம் இருந்தால் மட்டும் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். போன மாதம் ஒரு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்த பெண், அதை எடுத்து என்னதான் செய்வார்கள் என்று கேட்டாள். கருணாபால கண்ணாடியைக் கழற்றினார். அவள் அருகில் வந்து, விளக்கை உயர்த்தி, அந்தக் கருவிழியைச் சுற்றி ஓடும் நூலை நிதானமாகப் பார்த்தாள். பார்த்து முடிக்கும்வரை அவர் கூனிக் குறுகி, ஆனால் கண்ணை மூடாமல் நின்றார்.